முதலில் நன்றி, பிறகு படகு

திண்டிவனத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு எதிரே இருக்கும் மின்கம்பத்தில் ஒருநாள் காலை என் முகம் தொங்கிக்கொண்டிருந்தது. ஷட்டரைப் பாதி தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். ஆள் உயரத்துக்கும் மேலான பேனர். எப்போதோ எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவிலிருந்து என் தலையை மட்டும் வெட்டி, வேறு யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டை உடம்பின்மேல் ஒட்டியிருந்தார்கள். அந்த உடம்பு ஊரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. கீழே கொட்டை எழுத்தில், 'உப்புப் படகு மீட்புக் குழுவின் செயலாளராகப் பொறுப்பேற்று அல்லும் பகலும் உழைத்துவரும் அன்புத் தம்பிக்கு நெஞ்சார்ந்த நன்றி' என்று இருந்தது.

உப்புப் படகு என்றால் என்னவென்றே அன்றைக்கு எனக்குத் தெரியாது. பக்கத்துக் கடைக்குப் போய்க் கத்தினேன். அது ஃபிளெக்ஸ் கடை. அதை நடத்திய அக்கா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பவே இல்லை. யாரோ ஒருவர் வீட்டு மஞ்சள் நீராட்டு விழா பேனருக்குப் பெண்ணின் முகத்தை வெள்ளையாக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கு தம்பி கத்துற? நன்றிதான போட்டிருக்கறேன். திட்டியா போட்டிருக்கறேன்?"

"யாரக் கேட்டுக்கினு போட்டீங்க?"

"கேட்டா நீ முடியாதும்ப. அதான் கேக்கல."

மத்தியானத்துக்குள் கடைக்கு வந்தவர்களெல்லாம் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். ஒலக்கூரிலிருந்து என் மாமனார் போன் செய்து, "மாப்ள, பொதுவாழ்க்கைல எறங்கிட்டீங்களாமே, போட்டோ வந்துச்சி" என்று சந்தோஷப்பட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னால் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. அதற்குமேல் பேனரைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. நான் செயலாளர் ஆன கதை இவ்வளவுதான்.

அந்த ஃபிளெக்ஸ் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள். அக்கா கடலூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். அதற்கு ரொம்ப நேரம் கழித்துத்தான் மற்றதெல்லாம் வரும்.

புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருப்பார். சட்டைப் பையில் எந்நேரமும் அவித்த வேர்க்கடலை; எங்கள் ஊரில் மல்லாட்டை. பேசும்போதே உரித்துத் தின்பார். கீபோர்டு முழுக்கத் தோல் கிடக்கும். பிரிண்டர் மையின் நாற்றம் அவர் வருவதற்கு முன்னால் வரும். யாரிடமும் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. யாரையும் எதையும் கேட்டும் பார்த்ததில்லை. அக்காவுக்கு ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் அது ஆகிவிட்டது என்று நன்றி சொல்லி பேனர் அடித்துவிடுவார். அதை அந்த ஆளின் பெண்டாட்டி பிள்ளைகள் பார்க்கிற இடமாகப் பார்த்துக் கட்டுவார். பிறகு அவன் தலையெழுத்து.

எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் மழைக்கு மழை வெடிக்கும். தெருவே திரண்டு போய்ப் புகார் கொடுத்து ஒன்றும் நடக்கவில்லை. அக்கா யாரிடமும் போகவில்லை. 'புதிய டிரான்ஸ்ஃபார்மர் அமைத்துத் தந்த உதவிப் பொறியாளர் அவர்களுக்கு நன்றி' என்று அடித்து, அந்தப் பொறியாளரின் வீட்டுக்கு எதிரே கட்டினார். அந்த மனிதர் பாவம், காய்கறி வாங்கப் போன இடத்திலெல்லாம் வாழ்த்து வாங்கி நொந்துபோனார். புது டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. "பாத்தியா, மனுசன மட்டு மரியாதயா வேல வாங்கணும்" என்றார் அக்கா. அதில் மரியாதை எங்கே இருந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கட்டிய புருஷனுக்கும் இதையேதான் செய்தார். அவர் குடிப்பார். சண்டை போட்டு, கோயிலில் கயிறு கட்டி, மாத்திரை கலந்து கொடுத்து என்று மற்ற பெண்கள் செய்கிற எதையும் அக்கா செய்யவில்லை. 'குடியை அடியோடு விட்டொழித்து எங்கள் குடும்பத்தில் விளக்கேற்றிய என் அன்புக் கணவருக்கு நன்றி' என்று தெருமுனையில் கட்டினார். சிரித்த முகமாய் மனுஷனுடைய கல்யாண போட்டோ. அன்றைக்குச் சாயங்காலம் வழக்கமான கடையில் போய் நின்றவரை வரிசையில் நின்றவர்களே விடவில்லை. "அண்ணே, நீங்க வுட்டுட்டீங்க இல்ல, அப்புறம் இன்னா, நகுருங்க" என்று சிரித்திருக்கிறார்கள். வேலை செய்த லாரி ஆபீஸில் மாலை போட்டிருக்கிறார்கள். அவமானம் தாங்காமல் அவர் கண்டாச்சிபுரத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே போய் நிம்மதியாகக் குடித்தார். திரும்பி வரவே இல்லை.

"இப்டி ஆயிடுச்சே அக்கா" என்றேன்.

"இன்னா ஆயிடுச்சி? இங்க குடிக்கறாரா? இல்லல்ல. அப்ப பேனரு பொய்யில்ல." மல்லாட்டைத் தோலை ஊதிவிட்டு வேலையைப் பார்த்தார். அவர் அழுதாரா என்று கேட்பவர்களுக்கு, நான் பார்க்கவில்லை என்பதுதான் என் பதில்.

இப்படிப்பட்டவர் கையில்தான் அந்தப் படகு மாட்டியது. மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிப் பக்கிங்காம் கால்வாய் போகிறது. லாரிகள் வருவதற்கு முன்னால் அந்த உப்பெல்லாம் படகேறித்தான் சென்னைக்குப் போனது. காற்று ஏமாற்றினால் ஆட்கள் கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டே நடப்பார்கள். அக்காவின் அப்பா அப்படி இழுத்தவர். குடும்பமே படகில்தான் சமைத்து, படகில்தான் படுத்தது. படகு முதலாளியுடையது. தொழில் படுத்ததும் அவர் விட்டுவிட்டுப் போன படகுகளில் கடைசியாக மிஞ்சியது இது ஒன்றுதான் என்று அக்கா சொல்வார்.

செயலாளர் என்ற முறையில் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். எனக்குச் சப்பென்று போய்விட்டது. முட்காட்டுக்குள் ஒருக்களித்துக் கிடந்த நீளமான கறுத்த மரக்கூடு. கைக்கு வந்த ஆணிகளைப் பழைய இரும்புக்காரர்கள் பிடுங்கிப்போயிருந்தார்கள். உள்ளே இரண்டு ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"நான் இதுலதான் தம்பி பொறந்தேன். மரக்காணத்துல எங்கம்மாக்கு வலி எடுத்துச்சி, கடப்பாக்கம் தாண்டி பொறந்தேன்."

"இத்த வெச்சிக்கினு இன்னா அக்கா பண்றது?"

"திண்டிவனம் பஸ் ஸ்டாண்டாண்ட கொண்டாந்து ஒரு கொட்டகை போட்டு நிறுத்தணும். போற வர்ற ஜனம் பாக்கணும்." பலகையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "உங்களுக்கெல்லாம் இது எங்க தாத்தா வெட்டுன கெணறு, இது எங்க நெலம்னு காட்டறதுக்கு எதனா இருக்குது. எங்க ஆளுங்க இந்த மண்ணுல இன்னா கிழிச்சாங்கன்னு யாராவது கேட்டா, கைய நீட்டிக் காட்ட இந்தக் கட்டை ஒண்ணுதான் தம்பி இருக்குது. இதுவும் மக்கிப் போச்சின்னா நாங்க இங்க இருந்ததே இல்லன்னு ஆயிடும்."

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் நான் அவருக்குப் பின்னால் நாயாக அலைந்தேன்.

அக்காவின் அம்மா கடைக்குப் பின்புறம் இருந்த சின்ன அறையில் இருந்தாள். எண்பதைத் தாண்டிய கிழவி. தரையில் பழைய பேனரை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பாள். யாரோ ஒரு மாவட்டச் செயலாளரின் மூக்கின்மேல் வெற்றிலைப் பெட்டி இருக்கும். ஒருநாள் டீ கொடுக்கப் போனபோது, படகைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொல்லி வைத்தேன்.

"அது இன்னும் மக்கலயா?" என்றாள்.

"இல்ல ஆயா. கொட்டகை போட்டு நிறுத்தப் போறோம்."

"ரெண்டு லிட்டர் சீமெண்ண வாங்கி ஊத்திக் கொளுத்துங்க. அதான் அதுக்குக் கொட்டகை."

பிறகு அவளாகவே சொன்னாள். அக்காவுக்கு முன்னால் ஒரு பையன். தவழுகிற வயது. படகில் இருக்கும்போது இடுப்பில் பழம்புடவையைச் சுற்றி, படகின் பக்கத்தில் இருந்த வளையத்தில் கட்டி வைப்பாளாம். ஒருநாள் முடிச்சு அவிழ்ந்து பிள்ளை கரைக்கும் படகுக்கும் நடுவில் விழுந்துவிட்டது. அவள் கத்திய கத்தலுக்குக் கரையில் இழுத்தவர்கள் நின்றார்கள். சுமை ஏற்றிய படகு நிற்கவில்லை.

"பாரம் இல்ல? அது பாட்டுக்கு வந்துடுச்சி" என்றாள். "மேஸ்திரி எறங்கிப் பாத்தான். பொழுது சாயறதுக்குள்ள மதகு தாண்டணும், பொதைக்கறத ஜல்தியா பொதைங்கன்னான். பொதைச்சிட்டு ஏறிக்கினோம்."

டீ ஆறிப்போயிருந்தது. அவள் அதைக் குடித்துவிட்டு கிளாஸை என்னிடம் கொடுத்தாள். அக்காவுக்கு இது தெரியும், சிறுவயதிலிருந்து தெரியும். தெரிந்துதான் அந்தக் கட்டையைத் தூக்கிக்கொண்டு அலைந்தார் என்பதை என்னால் வெகுநாள் ஜீரணிக்க முடியவில்லை.

அரசியல்வாதிகள் பக்கம் வருகிறேன். முதலில் கவுன்சிலர். 'உப்புப் படகுக்கு இடம் ஒதுக்கிய எங்கள் வார்டின் விடிவெள்ளிக்கு நன்றி.' கவுன்சிலர் ஓடிவந்து, "அக்கா, நான் எங்க ஒதுக்கினேன்? என் வூட்டுக்கே பட்டா இல்ல" என்று கையைப் பிசைந்தார். ஆனாலும் பேனரோடு நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டுதான் போனார். அடுத்து எம்.எல்.ஏ. அவருக்கு மூன்று இடங்களில் கட்டினார் அக்கா. அவர் கட்சி அலுவலகத்தில் எங்களை வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, மத்தியானச் சாப்பாட்டு வாசனையை மட்டும் காட்டி அனுப்பினார்கள். "அண்ணன் படகு மேட்டர சீரியஸா எடுத்துக்கினு இருக்காரு" என்றார் உதவியாளர். அந்த வாக்கியத்தை நாங்கள் அந்த பெஞ்சில் எத்தனையோ தடவை கேட்டோம்.

எதிர்க்கட்சி ஆளையும் விடவில்லை. தோற்றுப்போய் வீட்டில் இருந்த மாஜி எம்.எல்.ஏ.வுக்கும் நன்றி போட்டார். அதோடு விட்டிருக்கலாம். செலவு மிச்சம் என்று எம்.எல்.ஏ.வையும் மாஜியையும் ஒரே பேனரில், ஒரே அளவில், பக்கத்துப் பக்கத்தில் சிரிக்க வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் கடைக்கு இரண்டு கட்சிக்காரர்களும் வந்தார்கள். பிரிண்டரின் மூடி உடைந்தது. எனக்குக் கன்னத்தில் ஒன்று விழுந்தது; செயலாளர் பதவியில் நான் கண்ட பலன் அதுதான்.

"இன்னா அக்கா, போலீஸுக்குப் போலாமா?" என்றேன், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

"போலீஸா? 'எங்கள் கடைக்கு நேரில் வந்து வாழ்த்திய தோழர்களுக்கு நன்றி'ன்னு அடிக்கிறேன் பாரு." அடித்தார். அடுத்த மூன்று மாதத்துக்கு இரண்டு கட்சிக்காரர்களும் அந்தத் தெரு வழியாக வரவில்லை.

மக்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். 'படகு வந்துக்கினு இருக்குது, வழி வுடு' என்று அவர் நடந்தால் பின்னால் கத்துவார்கள். குப்பை லாரி வந்தால், "அக்கா, உங்க கப்பல் வந்துடுச்சி" என்பார்கள். அதற்கெல்லாம் அவர் ஒரு பார்வைகூடச் செலவழிக்கவில்லை. ஒருநாள் மட்டும் என்னிடம், "சிரிக்கறவன் எல்லாம் பேனரப் படிச்சிட்டுதான சிரிக்கறான்" என்றார்.

எது வேலைக்கு ஆகவில்லையோ அதைவிடப் பெரிதாக ஒன்றைச் செய்வது அவர் வழக்கம். மந்திரி ஒருவர் விழுப்புரத்துக்கு நலத்திட்ட விழாவுக்கு வருகிறார் என்று தெரிந்ததும் ஒரு பேனர் அடித்தார். 'உப்புப் படகில் தன் தலைமகனைப் பலிகொடுத்த ஏழைத் தாயின் கண்ணீரைத் துடைத்த மாண்புமிகு அமைச்சருக்கு நன்றி.' ஒருபக்கம் மந்திரி. மறுபக்கம் அக்காவின் அம்மா. நடுவில் ஒரு குழந்தை. செத்துப்போன பிள்ளைக்குப் போட்டோ ஏது? காதுகுத்து பேனருக்கெல்லாம் போடுவதற்காகக் கம்ப்யூட்டரில் வைத்திருந்த குழந்தைப் படங்களில் ஒன்றை எடுத்துப் போட்டிருந்தார். வெள்ளை வெளேரென்று, கன்னம் இரண்டும் உப்பி, நீலக் கண்ணோடு சிரிக்கும் குழந்தை. அதன் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம்.

பிரிண்ட் ஆகி வெளியே வரும்போது கிழவி அறையிலிருந்து வந்து பார்த்தாள். எழுத்து படிக்கத் தெரியாது. தன் முகத்தைப் பார்த்தாள். பிறகு நடுவில் இருந்ததைப் பார்த்தாள்.

"யாரு வூட்டுப் புள்ள இது?"

அக்கா பிரிண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். கிழவி என்னைக் கேட்டாள். நான் கத்தரியைத் தேடினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் பேனர் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்த, கடையில் வேலை செய்த பெண், "ஆயா, செத்துப்போன உங்க புள்ளயாம்" என்று சொல்லிவிட்டாள்.

கிழவி குனிந்து, மை காயாத அந்தக் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். விரல் ரோஸ் நிறமானது. புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அக்காவைக் கண்டபடி திட்டினேன். "நீங்க மனுசியா அக்கா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

"படகு வந்துடட்டும் தம்பி. அப்புறம் அந்தப் புள்ள பேரயே வெக்கிறேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார். அதுதான் அவரிடம் எனக்குப் பயமாக இருந்தது.

விழுப்புரத்துக்குக் கிழவியையும் கூட்டிப்போனோம். வெயிலில் பந்தலுக்கு வெளியே நிறுத்தினார்கள். அக்கா அம்மாவின் தலையைக் கலைத்துவிட்டார். கிழிந்த புடவையாகப் பார்த்துக் கட்டிவிட்டிருந்தார். "மந்திரி கைய புடிச்சிக்கினு அழு. படகுன்னு ஒரு வார்த்த சொன்னா போதும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருந்தார். மந்திரி மேடையிலிருந்து இறங்கி, தடுப்பு ஓரமாகக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். அக்கா அம்மாவைப் பின்னாலிருந்து தள்ளினார். கிழவி போய் அவர்மேலேயே விழப்பார்த்தாள். அவர் நல்ல மனுஷன், கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா ஆயா வேணும்? சொல்லு."

கிழவி ஒருதரம் மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "முதியோர் பென்சனு வர்ல சாமி" என்றாள்.

மந்திரி பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். கேமராக்கள் மின்னின. அடுத்த மாதத்திலிருந்து பென்ஷன் வந்தது. படகு என்ற சொல்லே அங்கே எழவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கிழவி யாரோ கொடுத்த பிஸ்கெட்டைத் தின்றுகொண்டு வந்தாள். ஆனாலும் அக்கா விடுகிற ஆளா? மந்திரி கிழவியின் கையைப் பிடித்த படம் பேப்பரில் வந்ததும், அதையே போட்டு, 'உப்புப் படகை மீட்டுத் தந்த கருணைக் கரங்களுக்குக் கோடி நன்றி' என்று திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை வழியெல்லாம் கட்டிவிட்டார். கையில் கழுத்தில் இருந்ததெல்லாம் அதில் போயிற்று.

அதுதான் அவர் தலையில் அவரே போட்டுக்கொண்ட மண்.

மழைக்காலத்துக்கு முன்னால் கால்வாயைத் தூர்வாரும் வேலை வந்தது. கரையில் கிடப்பதையெல்லாம் அள்ளிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டு விழுப்புரத்துக்கு ஓடினோம். வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி சின்ன வயசுக்காரர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். எங்களை யாரும் உட்காரச் சொல்லியே பழக்கமில்லாததால் அக்கா கொஞ்சம் தடுமாறினார்.

"உப்புப் படகுதானம்மா? அது முடிஞ்ச வேலையாச்சே" என்று கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். அதில் அக்காவின் பேனர்கள் வரிசையாக இருந்தன. கவுன்சிலர், எம்.எல்.ஏ., மந்திரி. எம்.எல்.ஏ. ஆட்கள் ஒன்றுவிடாமல் படம் பிடித்து, சாதனையென்று மேலே அனுப்பியிருந்தார்கள். படகு மீட்கப்பட்டுவிட்டது, பொதுமக்கள் நன்றி தெரிவித்துவிட்டார்கள், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை.

"இதெல்லாம் நாந்தான் சார் போட்டேன்" என்றார் அக்கா.

"தெரியுது. அப்ப படகு பத்திரமாதான இருக்கு?"

"இல்ல சார். அங்கயேதான் கெடக்குது."

"அப்ப எதுக்கும்மா நன்றி சொன்னீங்க?"

அக்காவின் கை சட்டைப் பைக்குள் போய் வெறுமனே திரும்பி வந்தது. "முன்னாடியே சொல்லிட்டேன் சார்" என்றார்.

அதிகாரி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. "பாருங்கம்மா, காப்பாத்தின படகுன்னு ஒண்ணு ஃபைல்ல இருக்கு. கரையில கெடக்கறது வெறும் கட்டைன்னுதான் என் கணக்கு. நீங்க சொல்றத மட்டும் வெச்சிக்கினு நான் மாத்த முடியாது. நீங்க ஏற்கெனவே ஒரு தடவ மாத்தி சொல்லியிருக்கீங்க. உங்களத் தவிர அந்தப் படகுல இருந்தவங்க யாராவது உயிரோட இருக்காங்களா? அவங்க வந்து இதான் அதுன்னு சொல்லட்டும். மிஷின நிறுத்திட்டு மேல பேசறேன். என்னால ஆனது அவ்ளோதான்."

மற்றவர்களில் உயிரோடிருந்தது கிழவி ஒருத்திதான்.

மிஷின் வந்த அன்று கிழவியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். வழியில் அக்கா அவளுக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. முந்தானையைச் சரிசெய்துவிட்டு, காற்று அடிக்காமல் காதில் துண்டைச் சுற்றிவிட்டார். அவ்வளவு பதவிசாக அவர் அம்மாவைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. பயந்துபோயிருந்தார்.

முள்ளை வெட்டி வழி செய்திருந்தார்கள். படகு வெட்டவெளியில் கிடந்தது. ஜே.சி.பி. சற்றுத் தள்ளி உறுமிக்கொண்டு நின்றது. அதிகாரி சொன்னபடியே வந்திருந்தார். அவரே கிழவியைக் கைத்தாங்கலாகப் பிடித்து அருகில் கூட்டிப்போனார்.

"ஆயா, நல்லா பாருங்க. இது உங்க படகுதானா?"

கிழவி அவர் கையை விட்டுவிட்டு மெதுவாகப் படகைச் சுற்றி நடந்தாள். கண்பார்வை சரியில்லாதவள், கல் தடுக்கும், மேடு தெரியாது. ஆனால் படகின் அந்தப் பக்கம் போனதும் நேராக ஓர் இடத்தில் நின்று, பார்க்காமலேயே கையை வைத்தாள். துருப்பிடித்த இரும்பு வளையம் அவள் உள்ளங்கைக்குள் இருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு அது தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. "சொல்லும்மா" என்றார், மூச்சுக்குள்.

கிழவி வளையத்தை விட்டாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"இது இல்ல சாமி" என்றாள்.

"அம்மா!"

"எங்குளுது இது இல்ல. எங்குளுது எப்பவோ போயிடுச்சி."

அதிகாரி அக்காவைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "நல்லா தெரியுமா ஆயா?" என்று மறுபடியும் கேட்டார்.

"தெரியும் சாமி."

அவர் கையைத் தூக்கி டிரைவருக்குக் காட்டினார். இரும்புக் கை இறங்கியதும் அந்தப் படகு பெரிதாகச் சத்தம்கூடப் போடவில்லை. உள்ளே அத்தனையும் மக்கித்தான் இருந்திருக்கிறது. ஆடு மேய்க்கிறவள் ஒருத்தி ஓடிவந்து விறகுக்கென்று இரண்டு பலகையை இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு அந்தக் கிழவியைக் கழுத்தை நெரித்துப்போட்டால் என்ன என்று இருந்தது. அந்த வளையத்தைப் பிடித்த கையைப் பார்த்ததும் அழுகையும் வந்தது.

அக்கா அழவில்லை. கத்தவுமில்லை. மெயின் ரோட்டில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய் டீ வாங்கிக்கொண்டு வந்தார். கிளாஸை அவரே பிடித்துக் கிழவியின் வாயில் வைத்தார். கிழவி ஊதி ஊதிக் குடித்தாள். பாதி குடித்தபிறகு அக்கா கேட்டார்.

"ஏம்மா அப்டி சொன்ன? அதான்னு உனக்குத் தெரியும் இல்ல?"

"ஆபீசரு கேட்டாரு, சொன்னேன்" என்றாள் கிழவி. "நீ என்னிக்காவது என்னக் கேட்டியா?"

அக்கா கிளாஸை இறக்கவில்லை. மிச்சம் இருந்ததையும் குடிக்க வைத்துவிட்டு, கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.